என்ன கூட்டமுங்க? சமூகக் குழுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் என்னிடம் இரண்டு தரப்பிலிருந்தும் கேள்வி வரும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், "முதன்மைக் குழுவுக்கும் இரண்டாம் நிலைக் குழுவுக்கும் என்ன சார் வேறுபாடு?" என்பார்கள். ஊரில், "அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் ஆயிரத்தொண்ணு வெச்சேன், என் பையன் கல்யாணத்துக்கு ஐநூத்தொண்ணு எழுதிட்டுப் போறானே, இதென்னுங்க நியாயம்?" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படும். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் குழுவின் உருவம் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கூட்டம் வேறு, குழு வேறு என்று புத்தகத்தில் இருக்கிறதே, எப்படி?

காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ்ஸுக்கு 40 பேர் நிற்கிறார்கள். இடம் ஒன்று, நேரம் ஒன்று, ஆனால் ஒருவருக்கொருவர் எந்தப் பிடிப்பும் இல்லை. இது வெறும் கூட்டம். கோவை மாவட்டத்தில் இடதுகையால் எழுதுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சொன்னால் அது ஒரு வகை, அவ்வளவுதான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. குழு என்று சொல்ல வேண்டுமானால் தொடர்ந்த பழக்கம் வேண்டும், "இவர் நம்மாள், அவர் இல்லை" என்ற கணக்கு வேண்டும், ஒருவரிடம் ஒருவர் எதையாவது எதிர்பார்க்க வேண்டும்.

அதே பஸ் அன்னூர் தாண்டி நடுரோட்டில் பழுதாகி நிற்கட்டும். கால் மணி நேரத்தில் ஒருவர் கண்டக்டரிடம் எல்லாருக்குமாகச் சண்டை போடுவார், ஓர் அம்மா கைக்குழந்தைக்காரிக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், ஒருவர் தன் மச்சானுக்குப் போன் போட்டு வேன் கேட்பார். கூட்டம் குழுவாகத் தொடங்கிவிட்டது. மாற்று பஸ் வந்ததும் கலைந்தும்விடும்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். புத்தகம் 'கூட்டம்' என்றால் ஒட்டாத ஆட்கள் என்கிறது. கொங்கு வேளாளர்களிடம் அதே சொல்லுக்குப் பொருள் நேர் எதிர். காடை, ஆந்தை, தூரன், பொருளந்தை என்று பெயர் சொல்லும் குலப்பிரிவுதான் இங்கே கூட்டம். ஒரே குலதெய்வம், ஒரே வழி, உள்ளே பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. முதல் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்து முடித்த ம. ப. பெரியசாமித் தூரன் பெயரில் நிற்கிற 'தூரன்' இந்தக் கூட்டத்துப் பெயர்தான்.

குழுக்கள் மொத்தம் எத்தனை வகை?

யார் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதிகம் புழங்கும் பிரிவு சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்ற அமெரிக்கர் 1909-ல் சொன்னதிலிருந்து வருகிறது. குடும்பம், சின்ன வயதுக் கூட்டாளிகள், அக்கம்பக்கம் போல முகம் பார்த்துப் பழகி, ஆளை ஆளுக்காகவே வேண்டுவது முதன்மைக் குழு. ஒரு வேலைக்காக, ஒரு பலனுக்காகச் சேர்வதைப் பின்னால் வந்தவர்கள் இரண்டாம் நிலைக் குழு என்றார்கள். அதற்கு முன்பே 1887-ல் ஜெர்மனியின் பெர்டினான்ட் டோனீஸ் ஊர் வாழ்க்கையின் ஒட்டுறவையும் நகரத்தின் ஒப்பந்த உறவையும் பிரித்துக் காட்டியிருந்தார். அப்புறம் உள்குழு வெளிக்குழு, பதிவு பெற்ற சங்கம், நாம் சேராமலேயே நம்மை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் மேற்கோள் குழு என்று பட்டியல் நீளும்.

தேர்வுக்கு இது போதும். ஆளைப் புரிந்துகொள்ள வேறொரு சோதனை இருக்கிறது: ஆளை மாற்றினால் என்ன ஆகும்? திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு ஓவர்லாக் டெய்லர் வரவில்லை என்றால் பத்து நிமிடத்தில் வேறு டெய்லரை உட்காரவைத்து வேலையை ஓட்டிவிடுவார்கள். பீஸ் எண்ணிக்கை வந்தால் சரி. அதே கம்பெனியில் மத்தியானம் நாலைந்து பெண்கள் கட்டிங் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சோற்றுப் போசியைத் திறப்பார்கள். ஒருத்தி கொண்டுவரும் கொள்ளுப் பருப்பு எல்லார் தட்டுக்கும் போகும். அவள் வராத நாளில் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்காரவைக்க முடியாது, "என்னடி ஆச்சு அவளுக்கு?" என்று போன்தான் போகும். இரண்டாம் நிலைக் குழுவின் மடியிலேயே ஒரு முதன்மைக் குழு வளர்கிறது. பாடப்புத்தகம் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் அட்டவணை போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

தோட்டத்துச் சாளைகளில் தனித்தனியாக இருப்பவர்களுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று உண்டா?

உண்டு, ஆனால் வாசலில் இல்லை. கிணற்றுப் பாசனம் என்பதால் கொங்கில் பல குடும்பங்கள் ஊருக்குள் இல்லாமல் கிணற்றோரமே வீடு கட்டி இருந்தன. அடுத்த வீட்டு விளக்கு தூரத்தில் தெரியும், குரல் கேட்காது. அதனால் பழக்கம் வேறு இடங்களில் நடந்தது: வாரச் சந்தை, கோயில் நோம்பி (திருவிழா), இப்போது காலையில் பால் சொசைட்டி. கேனை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிற அந்த இருபது நிமிடத்தில்தான் யார் வீட்டில் மாடு சினை, யார் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் கைமாறும். பால் ஊற்றுவதை நிறுத்தியவர்கள் வருமானத்தைவிட இந்தப் பேச்சு போனதைத்தான் அதிகம் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

பங்காளி, மாமன் மச்சான் என்ற பிரிவுக்குச் சமூகவியலில் என்ன இடம்?

உறவுமுறைக் குழு என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் பழகும் விதத்தை இவ்வளவு துல்லியமாக வகுத்துவைத்த குழு வேறு இல்லை.

கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறார்கள். "எந்த ஊருங்க?" என்பது முதல் கேள்வி. அப்புறம் "என்ன கூட்டமுங்க?" இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான் முறையாக இருக்கலாம். பாயசம் வருவதற்குள் முறை தீர்மானமாகி, பேச்சின் தொனியே மாறிவிடும். மச்சானைக் கேலி செய்யலாம், அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பங்காளியிடம் அந்தக் கேலி எடுபடாது.

பங்காளிக்கும் நமக்கும் சொத்து ஒன்றாக இருந்தது, இன்னும் வரப்பு ஒன்றாக இருக்கிறது. ஒரே கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வாரத்தில் இன்ன நாள் தண்ணி முறை என்று வாழ்கிறவர்கள். துக்கம் விழுந்தால் கூடத் தீட்டுக் காப்பவனும் அவன்தான், வாய்க்காலில் மடை திருப்பிவிட்டான் என்று பேசாமல் இருப்பவனும் அவன்தான். 'பங்காளிக் காய்ச்சல்' என்று தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது. 'மச்சான் காய்ச்சல்' என்று இல்லை. நெருக்கம் கூடினால் சண்டை குறையும் என்று நினைக்கிறவர்கள் ஒரு பொதுக் கிணற்றைப் போய்ப் பார்க்கலாம்.

பெண்ணைக் கட்டிக் கொடுத்த பின் அவள் பிறந்த வீட்டோடு இருக்கும் பிடி விட்டுப்போகாமல் இருக்க கல்யாணத்திலேயே ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதுதான் இணைச்சீர். மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவளையும் உட்காரவைத்து நடத்தும் சீர். புதுப்பெண் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, இந்த வீட்டில் இவளுக்கும் ஓர் உரிமை இருக்கிறது என்று ஊரைச் சாட்சி வைத்துக்கொள்கிறார்கள். சீரை நடத்திவைப்பவர் அருமைக்காரர், மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். ஒரு குடும்பத்தின் கல்யாணம் நடக்கப் பல குழுக்கள் வேண்டியிருந்தன.

மொய் எழுதுவது அன்பா, கடனா?

கடன்தான். அன்பு இல்லாமல் அந்தக் கடன் ஏறாது என்பதும் உண்மை.

மண்டப வாசலுக்கு உள்பக்கம் ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு நீள நோட்டு. பிள்ளையார் சுழிக்குக் கீழே முதலில் ஊர்ப் பெயர், அப்புறம் ஆள் பெயர், கடைசியில் தொகை. ஒருவர் எழுத, ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர்ப் பெயரைத் தப்பில்லாமல் எழுதச் சொன்னார் என் அப்பாரு (தாத்தா). "பேரு தப்பா இருந்தாக் கண்டுபிடிச்சுக்கலாம் கண்ணு, ஊரு தப்பா இருந்தா எவனுக்குத் திருப்பிச் செய்யறது?" என்றார். பாளையம், வலசு, புதூர் என்று முடியும் ஊர்கள் நூறு இருக்கிற சீமையில் அது நியாயமான பயம்.

அந்த நோட்டைப் பீரோவில் வைத்திருப்பார்கள். அடுத்த கல்யாணப் பத்திரிகை வந்தால் நோட்டை எடுத்துப் புரட்டி, அவர் எவ்வளவு எழுதினார் என்று பார்த்து, கொஞ்சம் கூட்டி எழுதுவது வழக்கம். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சரிக்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். கணக்கு முடிந்தால் உறவு முடிந்த மாதிரி. கூட்டி எழுதினால் இப்போது அவர் கடன்பட்டவர், உறவு ஓடும். குறைத்து எழுதினால்? தொடக்கத்தில் சொன்னேனே, அந்த ஐநூத்தொண்ணு, அது பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. "உங்களோடு எனக்கு இருக்கும் உறவைப் பாதியாக்கிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. இப்போது சில பத்திரிகைகளில் 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்' என்று அச்சடிக்கிறார்கள். பெருந்தன்மைதான். ஆனால் நாலு பேரிடம் வாங்க வேண்டிய தேவை இல்லாதவர்களால்தான் அதை அச்சடிக்க முடிகிறது என்பதையும் கவனிக்கலாம்.

ஏலச்சீட்டில் பணம் போடுகிறவர்களும் ஒரு சமூகக் குழுவா?

நிச்சயமாக. மொய்யில் நோட்டு இருபது வருடம் கழித்துத் திறக்கும், சீட்டில் மாதாமாதம் திறக்கும்.

20 பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் 1 லட்சம், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒருவருக்கு அவசரம். ஏலத்தில் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து எடுக்கிறார், கைக்கு வருவது 70,000. தள்ளிய பணத்தில் நடத்துகிறவர் கழிவு 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் 1,250 வீதம் பிரியும். ஆக அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 3,750 தான். அவசரக்காரருக்கு வங்கிப் படி ஏறாமல் கடன், அவசரம் இல்லாதவருக்கு வட்டி.

இதில் ஆபத்து, எடுத்தவர் மிச்ச 19 மாதமும் கட்ட வேண்டும் என்பதில் இருக்கிறது. பதிவு செய்த சீட்டுக்கு 1982-ம் வருடச் சட்டம் காவல். வீதியில் நடக்கும் பதிவில்லாத சீட்டுக்கு அந்தக் காவல் இல்லை, தெருவின் கண்தான் காவல். தினமும் குழாயடியில் பார்த்தாக வேண்டுமே என்ற கூச்சம்தான் பிணை. கூச்சம் உள்ளவரை அது வங்கிப் பத்திரத்தைவிட வலு. ஆள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகத் துணிந்த அன்றைக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீதியில் ஒரு முறை அப்படி நடந்தது. பணம் போனதைவிட, அந்தச் சீட்டில் சேரச் சொல்லி ஒருவரையொருவர் இழுத்தவர்கள் பல வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்ததுதான் பெரிய சேதம்.

மகளிர் சுய உதவிக் குழு?

தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 12 முதல் 20 பெண்கள், வாரச் சேமிப்பு, தீர்மான நோட்டு, ஊக்குநர். காகிதத்தில் பார்த்தால் சுத்தமான இரண்டாம் நிலைக் குழு. உள்ளே போய்ப் பார்த்தால், முன்பு கணவன் பெயரால் மட்டுமே அறியப்பட்ட பெண்கள் தங்கள் பெயரால் கூப்பிடப்பட்ட முதல் இடம் பலருக்கும் அதுதான். கட்டத் தவறியவர் வீட்டு வாசலில் மற்ற பதினெட்டுப் பேரும் போய் உட்கார்ந்ததும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாரும் சொன்னால் தப்பாகவா இருக்கும்?

1951-ல் சாலமன் ஆஷ் ஒரு சோதனை செய்தார். மூன்று கோடுகளில் எது நான்காவது கோட்டின் நீளம் என்று கேட்டார். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு தப்பான பதிலையே சொன்னார்கள். சோதனைக்கு வந்த அப்பாவிகளின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தப்பின் பக்கம் சாய்ந்தது.

எங்களுக்கு அதற்கு ஈமு கோழி. நெருப்புக்கோழியின் தம்பி மாதிரி இருக்கும் ஆஸ்திரேலியப் பறவை. லட்சக்கணக்கில் முன்பணம் கட்டினால் குஞ்சு கொடுப்பார்கள், தீவனம் தருவார்கள், மாதாமாதம் வளர்ப்புக் கூலியும் வரும் என்றார்கள். பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவி 2012-ல் வெடித்தது. எந்தச் சந்தையில் ஈமுக் கறி விற்றது, யார் தின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எருமை பிடிக்கச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து நூறு ரூபாய்க்கு அரைநாள் பேரம் பேசுகிற ஆட்கள்! "மச்சான் போட்டார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார், நானும் போட்டேன்" என்பதுதான் எல்லார் வாயிலும் வந்த பதில். மாமன் மச்சான் சொன்னால் விசாரிப்பது மரியாதைக் குறைவு. நம்பிக்கை பாயும் வாய்க்காலிலேயே மோசடியும் பாய்ந்தது.

ஆஷ் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அறையில் ஒரே ஓர் ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், சாய்கிறவர்கள் எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது. ஊரில் அந்த ஓர் ஆளுக்கு 'குறுக்கே பேசறவன்' என்று பெயர்.

'நாம்', 'அவர்கள்' என்ற பிரிவு ஏன் வருகிறது?

உள்குழு, வெளிக்குழு என்று இதற்கு 1906-ல் பெயர் வைத்தவர் வில்லியம் கிரஹாம் சம்னர். எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று செய்து காட்டியவர் முசாபர் ஷெரிப். 1954-ல் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமுக்கு 22 பையன்களை வரவழைத்து இரண்டாகப் பிரித்தார். கயிறு இழுக்கும் போட்டி, பரிசு என்று வைத்ததும் சில நாட்களில் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை. அப்புறம் முகாமின் தண்ணீர்க் குழாயை அடைத்துவைத்து இரண்டு பக்கமும் சேர்ந்து தேடவைத்தார். இப்படி இரண்டு தரப்புக்கும் வேண்டிய வேலைகளாகக் கொடுக்கக் கொடுக்கத்தான் பகை தணிந்தது.

நொய்யல் ஆற்றின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வரும். 1992-ல் சென்னிமலைக்குப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. கீழே ஆயக்கட்டு விவசாயிகள், மேலே சாயப்பட்டறைக்காரர்கள், இரண்டு தரப்புக்கும் சங்கம், நடுவில் உயர் நீதிமன்றம். 2011 ஜனவரியில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு படை. உள்ளே பார்த்தால் மேலே பட்டறையில் பங்கு வைத்திருந்தவனின் அக்காவைக் கீழே ஆயக்கட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தீபாவளிச் சீர் கொண்டுபோன வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல், கையோடு கேன் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு குழுவிலும் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சாதியும் ஒரு குழுதானே? இதில் என்ன தப்பு?

சேராமலே சேர்க்கப்பட்டு, விலக முடியாமல் இருக்கும் குழு. உள்ளே இருப்பவனுக்கு மொய், சீட்டு, பெண், வேலை, வியாபாரக் கடன் எல்லாம் அதன் வழியாக வரும். அந்த வசதியை அனுபவிக்கிறவனுக்கு அது தப்பாகவே தெரியாது. வெளியே நிற்கவைக்கப்பட்டவரிடம் கேட்டால்தான் தெரியும்.

கொங்குப் பேச்சின் பெருமையாக எல்லாரும் சொல்வது அந்த 'ங்க'. வாங்க, சொல்லுங்க, ஏனுங்க. குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்பார்கள். எட்டு வயதில் நான் எங்கள் தோட்டத்தில் வேலை செய்த அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லி, "இங்க வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க சாமி" என்றார். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. வாத்தியாரை அப்படிக் கூப்பிட்டிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். அந்த 'ங்க'வுக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது, எட்டு வயதிலேயே அது எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. டீக்கடையில் தனிக் குவளை ஓடியதும் அதே கோட்டின் மேல்தான்.

அந்தக் கோட்டைக் காதலித்துத் தாண்டியவர்களுக்கு நடந்ததும் மறக்கக் கூடியதல்ல. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுரோட்டில் ஒரு பட்டியல் சாதி இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவிக்கும் வெட்டு விழுந்தது. இன்னொரு பக்கம், அருந்ததியருக்கு 2009-ல் கிடைத்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டால் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன். அவர்களில் யாராவது முதல் வருடம் "சொல்லுங்க சார்" என்று என்னிடம் சொல்லும்போது, எனக்கு அந்தத் தோட்டம் ஞாபகம் வரும்.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

இரண்டு பேர் இருக்கும்வரை ஒருவர் போனால் குழுவே இல்லை, அதனால் இரண்டு பேரும் பார்த்து நடப்பார்கள். மூன்றாவது ஆள் வந்ததும் சமாதானம் செய்யவும் ஆள் உண்டு, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை ஒதுக்கவும் வழி உண்டு என்றார் கியோர்க் சிம்மல். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் பங்கு போட்டவர்கள், கரூரில் பைனான்ஸ் வைத்தவர்கள் இதைச் சிம்மல் இல்லாமலே சொல்வார்கள்.

மேல் எல்லை? ஒருவர் நன்றாக அறிந்து வைத்துக்கொள்ளக் கூடிய ஆட்கள் 150 பேர் அளவுதான் என்று ராபின் டன்பார் 1990-களில் கணக்குச் சொன்னார். கல்யாணத்துக்கு 2,000 பேர் வருகிறார்களே என்றால், அதற்குத்தானே நோட்டு!

கூட்டம் கூடக் கூட வேலை நடக்குமா என்பது இன்னொரு கேள்வி. கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்த பிரெஞ்சுக்காரர் ரிங்கல்மான், ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று கண்டார். அவிநாசித் தேர் வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது தெரியும். பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கிறவர்கள். ஆனால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்கள் அப்படி நடக்க முடியாது. நாலைந்து பேர்தான், ஒவ்வொருவரும் எந்தக் கட்டை போட்டார் என்று ஊருக்கே தெரியும், தப்பினால் காலே போகும். ஒரு வேலையில் எல்லாரும் உழைக்க வேண்டுமென்றால் கட்டை போடுகிறவர்கள் மாதிரி பிரித்துக் கொடுங்கள்.

சங்கம் ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி 7 பேர். சட்டத்துக்கு அது போதும். ஆனால் ஆளில்லாத சங்கத்துக்கு லெட்டர்பேடு மட்டும் இருக்கும். 1970-களில் விவசாயச் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் விவசாயிகள் மின்கட்டணத்துக்காகத் திரண்டபோது, 1972-ல் கோவைக்குள் கட்டை வண்டிகளை ஓட்டிவந்து நகரத்தையே நிறுத்தினார்கள். வண்டியும் மாடும் அவனவனுடையது, தீவனமும் அவனவன் செலவு. உறுப்பினர் அட்டையைவிட அது பெரிய சந்தா.

வள்ளி கும்மிக் குழுக்கள் இப்போது இவ்வளவு பெருகியிருப்பது ஏன்?

வள்ளி முருகன் கதையைப் பாடி வட்டமாக ஆடும் கொங்குக் கும்மி இது. பெருகியதற்குப் பல காரணம் சொல்கிறார்கள், சாதிப் பெருமை பேசும் மேடையாகச் சில இடங்களில் மாறிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் சாயங்காலம் பயிற்சி நடக்கும் களத்தில் போய் நின்று பாருங்கள். ஐடி கம்பெனிப் பெண், மளிகைக்கடைக்காரர், எட்டாம் வகுப்புப் பையன், அவனுடைய அம்மா எல்லாரும் ஒரே வட்டத்தில். வட்டத்துக்கு முதல் வரிசை கிடையாது. ஒருவர் கால் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் கால்தான் இடிபடும், அதனால் திருத்துவதும் பக்கத்தில் இருப்பவர்தான். முன்பு இதை ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து வட்டத்துக்குள் கொண்டுவந்தவர் எம். பத்ரப்பன், 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

குடும்ப வாட்ஸ்அப் குழு எந்த வகை?

முதன்மைக் குழுவின் மொய் நோட்டு. பிறந்தநாளுக்கு யார் வாழ்த்துப் போடவில்லை என்று அங்கேயும் பார்ப்பார்கள்.

புதிதாகக் குடிவந்திருக்கிறேன். எப்போது ஊர்க்காரன் ஆவேன்?

பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள். ஆனால் உண்மையான அடையாளம் நோம்பி வரி. மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுவதற்கு முன் வீட்டுக்கு வீடு வரி கேட்டு வருவார்கள். வரி கட்டுவது சுமை என்று நினைப்போம். கேட்காமல் தாண்டிப் போவதுதான் பெரிய அவமானம். சிலருடைய வரியை வாங்க மறுத்தே அவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள்.

எங்கள் வீதியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனி. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகளே வந்து விசாரித்துப் போன சமயத்தில், அவர்கள் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. அதற்கு முந்தைய நோம்பிகளில் வரி நோட்டோடு வந்த பையன்கள் அந்த வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். போன நோம்பிக்கு வந்த பையன் ஒருவன் அந்தக் கதவையும் தட்டினான். அவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, நோட்டை எட்டிப் பார்த்து, "எவ்வளவுங்க?" என்றார். பையன் ஊர்ப் பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நம்ம வீதிப் பெயரையே எழுதச் சொன்னேன்.